வாரங்கள் கடந்தும் நீங்காத இருமல்: வாவிக்கரை மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

மனிதனுக்கு ஏற்படும் உடல் உபாதைகளுள் இருமலைப் போன்று பொதுவானது வேறொன்றில்லை எனலாம். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் காலத்திலும், பெரும்போக அறுவடை நடைபெறும் மாசி, பங்குனி மாதங்களிலும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருமல் ஒலி கேளாத வீட்டைக் காண்பது அரிது. இவற்றுள் பெரும்பாலானவை சில நாட்களில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. ஆனால், எல்லா இருமலும் அவ்வாறு விடைபெற்றுச் செல்வதில்லை. வாரங்கள் மாதங்களாகி, மாதங்கள் வருடங்களாகியும் விட்டகலாத இருமலுடன் வாழ்க்கை நடத்துவோர் எம் மத்தியில் ஏராளமாக உள்ளனர்.

பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மதிப்பீடு ஒன்றின்படி, வயது வந்தவர்களுள் ஏறத்தாழ பத்து வீதத்தினர் நாட்பட்ட இருமலினால் பாதிக்கப்படுகின்றனர். இத்தகையோர் விடயத்தில் எமது சமூகம் ஒன்றுக்கொன்று முரணான இரு தவறுகளைச் செய்து வருகின்றது. ஒன்று, "வெறும் இருமல்தானே" என்ற அலட்சியம். மற்றையது, "சயரோகமாக இருக்குமோ, வெளியே தெரிந்தால் என்னாவது" என்ற அச்சம். அலட்சியமும் அச்சமும் வெவ்வேறு வழிகளில் நோயாளியை ஒரே இடத்திற்கே கொண்டு சேர்க்கின்றன. அவர் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கின்றார். அத்தாமதத்திற்கான விலையை அவர் மாத்திரமன்றி, சில வேளைகளில் அவரது குடும்பமும் அயலவரும் செலுத்த நேரிடுகின்றது.

காவற்காரனே தொல்லையாகும்போது

இருமல் ஒரு நோயன்று; அது உடலின் தற்காப்பு நடவடிக்கையாகும். தூசி, புகை, உணவுத் துணுக்கு, சளி போன்றவை சுவாசப் பாதையைத் தீண்டும்போது அங்குள்ள நரம்பு முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே நாம் ஆழமாக மூச்சை இழுக்கின்றோம், குரல்வளை மூடிக்கொள்கின்றது, நெஞ்சுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுகி உள்ளே அழுத்தம் பெருகுகின்றது, பின்னர் குரல்வளை சடுதியாகத் திறக்க, காற்று பெருவேகத்துடன் வெளியேறி வேண்டாத பொருளைத் தள்ளிச் செல்கின்றது. இருமும் ஆற்றலை இழந்த பாரிசவாத நோயாளர்கள் எவ்வளவு எளிதில் நியூமோனியாவுக்கு ஆளாகின்றனர் என்பதைக் கண்டவர்கள், இருமல் எத்துணை பெரிய பாதுகாப்பு என்பதை உணர்வர்.

இக்காவற்காரன் ஓயாது கூக்குரலிடத் தொடங்கும்போதுதான் பிரச்சினை எழுகின்றது. சிலருக்கு உள்ளே உண்மையாகவே ஒரு நோய் இருக்கும். வேறு சிலருக்கு ஆரம்பக் காரணம் நீங்கிய பின்னரும் நரம்புகள் அளவுக்கு மீறிய கூருணர்ச்சியுடன் இருந்து, பேசுதல், சிரித்தல், குளிர்காற்று, வாசனைத் திரவியம், தாளிக்கும் மணம் என்பவற்றுக்கெல்லாம் இருமலைத் தூண்டிவிடும். இந்த இரண்டாம் வகை நோயாளரிடம் "உமக்கு ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்புவது நியாயமாகாது. நரம்பின் கூருணர்ச்சியும் சிகிச்சைக்குரிய ஒரு நிலை என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது.

நாட்களை எண்ணுதல்

இருமலை மதிப்பிடுவதற்கு வைத்தியர்கள் முதலில் நோக்குவது அதன் கால அளவையாகும். வயது வந்தவர்களில் மூன்று வாரங்களுக்கு உட்பட்டது குறுங்கால இருமல். பெரும்பாலும் வைரசுக் கிருமிகளால் ஏற்படும் தடிமனே இதற்குக் காரணம். மூன்று வாரங்களுக்கும் எட்டு வாரங்களுக்கும் இடைப்பட்டது, பெரும்பாலும் காய்ச்சல் தணிந்த பின்னர் எஞ்சி நிற்கும் இருமல். எட்டு வாரங்களைத் தாண்டியது நாட்பட்ட இருமல். சிறுவர்களைப் பொறுத்தவரை நான்கு வாரங்களைத் தாண்டினாலே அது நாட்பட்டதாகக் கொள்ளப்படுகின்றது.

எனினும், எட்டு வாரங்கள் முடியட்டும் என எமது பிரதேசத்தவர் காத்திருத்தல் கூடாது. காசநோய் இன்னும் முற்றாக ஒழிக்கப்படாத நாடு எமது நாடு. ஆதலால், இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல் உள்ள எவரும் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே இங்கு பின்பற்ற வேண்டிய விதியாகும்.

இரத்தம் கலந்த சளி, காரணமின்றி உடல் மெலிதல், மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம், வாரக்கணக்கில் மாறாத குரலடைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருமலுடன் சேர்ந்து காணப்பட்டால் இரண்டு வாரமும் காத்திருக்கலாகாது. நீண்டகாலம் புகைத்தவர், தமக்குப் பழகிப்போன இருமலின் தன்மை மாறுவதை உணர்ந்தால் அதனையும் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். கச்சானோ பாசிமணியோ வாயிலிட்டு விளையாடிய குழந்தை திடீரென இருமத் தொடங்கினால், பொருள் சுவாசக் குழாயில் சிக்கியிருக்கக்கூடும். மூச்சுத் திணறும் வேளைகளில் 1990 என்ற இலக்கத்தை அழைத்துச் சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவையின் உதவியைப் பெறலாம்.

முதலில் விலக்க வேண்டியது காசநோய்

இலங்கையில் வழக்கமாக ஆண்டுதோறும் எட்டாயிரத்துக்கும் அதிகமான காசநோயாளர்கள் இனங்காணப்படுகின்றனர். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி ரொபேட் கொக் என்னும் ஜேர்மானிய விஞ்ஞானி இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. நோய் பரம்பரையாக வருவதன்று, சாபத்தினால் வருவதன்று, காற்றின் வழியே பரவும் பற்றீரியாவினால் வருவது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும், பெண் பார்க்கச் செல்லும்போது "அந்த வீட்டில் சயரோகம் இருந்ததாம்" என்று காதோடு காதாகப் பேசும் வழக்கம் எம்மிடையே இன்னும் மறையவில்லை.

இந்நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் முற்றிலும் இலவசமாக வழங்கப்படுகின்றன. மாவட்டந்தோறும் இத்தகைய நிலையம் உண்டு. சளியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுடன், கிருமியின் மரபணுவைக் கண்டறியும் நவீன கருவிகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத காலச் சிகிச்சை போதுமானது. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், எஞ்சிய நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகளும் வழங்கப்படும். முறையான சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலானோரிடமிருந்து நோய் பரவும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகின்றது. நோயாளியின் கோப்பை, தட்டு, உடை ஆகியவற்றின் வழியே அது பரவுவதில்லை. எனவே, அவருக்குத் தனித் தட்டு வைப்பதனால் எவருக்கும் நன்மையில்லை. அவரது மனம் நோவதே மிச்சம்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடல் தேறிவிட்டது எனக் கருதிக் குளிசைகளை நிறுத்திவிடுவதே பெருந்தவறாகும். அழியாது எஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத வலிமையைப் பெற்று மீண்டும் தலைதூக்கலாம். நீரிழிவு நோயாளருக்குக் காசநோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். வீட்டுக்கு வீடு "சீனி வருத்தம்" பெருகிவரும் எமது ஊர்களில் இது விசேட கவனத்துக்குரியது.

எக்ஸ்ரே படம் தெளிவாக இருந்தால்

காசநோய் இல்லை என உறுதியாகி, எக்ஸ்ரே படமும் தெளிவாக இருந்து, புகைப் பழக்கமும் இல்லாத ஒருவருக்கு இருமல் நீடிக்குமாயின், வைத்தியர்கள் பிரதானமாக மூன்று காரணங்களைத் தேடுவர்.

முதலாவது, தொய்வு எனவும் முட்டு எனவும் எமது மக்கள் அழைக்கும் ஆஸ்துமா. மூச்சிரைப்பும் இழுப்பும் இருந்தால்தான் ஆஸ்துமா என்பது தவறான எண்ணமாகும். சிலருக்கு வறட்டு இருமல் ஒன்றே அதன் வெளிப்பாடாக அமையும். அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து இருமுதல், ஓடினால் இருமுதல், தூசி பட்டால் இருமுதல் ஆகியன இதன் அறிகுறிகள். இரண்டாவது, பீனிசம் முதலிய மூக்கு நோய்கள். மூக்கின் பின்புறத்தால் தொண்டைக்குள் வடியும் சளி இருமலைத் தூண்டுகின்றது. மூன்றாவது, இரைப்பையிலுள்ள அமிலம் மேலெழுந்து தொண்டைவரை வருதல். இரவு வெகுநேரம் கழித்து வயிறு நிறைய உண்டு உடனே படுப்பவர்களிடம் இதனைப் பரவலாகக் காணலாம். நெஞ்செரிவு இன்றியும் இது நிகழக்கூடும்.

இம்மூன்றுக்கும் அப்பால் பலரும் அறியாத காரணமொன்று வீட்டிலுள்ள மருந்துப் பைக்குள்ளேயே இருக்கலாம். உயர் குருதியமுக்கத்திற்கும் இருதய நோய்க்கும் வழங்கப்படும் எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் போன்ற குளிசைகள், பயன்படுத்துவோரில் ஒரு பகுதியினருக்கு விடாத வறட்டு இருமலை உண்டாக்குகின்றன. பெண்களிடம் இது சற்று அதிகம். குளிசை தொடங்கிச் சில நாட்களிலும் வரலாம்; சில மாதங்கள் சென்றும் வரலாம். இதனை அறியாது எத்தனையோ பாணி மருந்துகளைக் குடித்துக் களைத்தவர்கள் உண்டு. வைத்தியர் அக்குளிசைக்குப் பதிலாக லொசார்டான் போன்ற வேறொன்றைத் தந்தால், பெரும்பாலும் ஒரு மாதத்திற்குள் இருமல் அடங்கிவிடும்; சிலருக்கு மூன்று மாதங்கள் வரை செல்லலாம். ஆனால், இதனை வாசித்துவிட்டு எவரும் தாமாகவே பிரஷர் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. அது பாரிசவாதத்திற்கு வழிகோலும்.

நீண்டகாலப் புகையினால் சுவாசக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கும் நோய், முன்னைய தொற்றினால் சுவாசக் குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய், இருதயப் பலவீனம், நுரையீரல் புற்றுநோய் என்பனவும் ஆராயப்பட வேண்டியவை. ஒருவருக்கே இரண்டு, மூன்று காரணங்கள் ஒருங்கே அமைவதுண்டு. ஆதலால், ஒன்றுக்குச் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லையெனில் வைத்தியரைக் குறைகூறி வேறிடம் ஓடுவதைவிட, அவரிடமே மீண்டும் சென்று அடுத்த காரணத்தைத் தேட உதவுவதே பயனுடையது.

வாவிக்கரையின் காற்று

வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வாவியின் கரையில் வாழும் எம்மைப் பார்ப்பவர்கள், நாம் தூய காற்றைச் சுவாசிப்பதாக எண்ணிப் பொறாமை கொள்ளக்கூடும். கடற்காற்று எமக்குக் கிடைத்த அருட்கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால், நாளின் பெரும்பகுதியை நாம் கழிக்கும் வீடுகளுக்குள்ளும் தொழிலிடங்களுக்குள்ளும் நிலைமை வேறாகும்.

அவற்றுள் முதலிடம் பெறுவது அடுப்புப் புகை. 2012ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான குடும்பங்கள் விறகையே எரிபொருளாகக் கொண்டிருந்தன. பின்னர் எரிவாயு அடுப்புக்கு மாறிய பல குடும்பங்கள், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற் போகவே மீண்டும் விறகுக்குத் திரும்ப நேர்ந்தது. படுவான்கரைக் கிராமங்களில் தாழ்ந்த கூரையும் சிறிய யன்னலும் கொண்ட குசினிக்குள், ஈர விறகை ஊதி ஊதி முப்பது வருடங்கள் சமைத்த ஒரு தாயின் நுரையீரல், ஒரு சிகரெட்டையும் தொடாமலேயே புகைப்பவரின் நுரையீரலுக்கு ஒப்பாகிவிடுவதுண்டு. அவரது இருமலை "வயது போன இருமல்" என்று நாம் பெயரிட்டு ஒதுக்கிவிடுகின்றோம்.

நெல் அறுவடையின்போது எழும் தூசி, அரிசி ஆலைகளின் உமித் தூள், அறுவடைக்குப் பின் வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகை, கல்வாடிகளில் செங்கல் சுடும் புகை, மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தலைமுறைகளாகத் தறியில் அமர்ந்தோர் சுவாசித்த நூற்பஞ்சு, வீதியோரத்தில் பிளாஸ்டிக்கையும் சேர்த்து எரிக்கும் குப்பை என எமது காற்றை நாமே கெடுக்கும் வழிகள் பல. இரவில் கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு நுளம்புச் சுருளைக் கொளுத்துவதும், முட்டு உள்ள குழந்தை உறங்கும் அறையில் சாம்பிராணி போடுவதும் இவற்றோடு சேரும். 2011 சனவரி மாதப் பெருவெள்ளத்தைப் போன்ற அனர்த்தங்களுக்குப் பின்னர் ஈரச் சுவர்களில் படியும் பூஞ்சணமும் முட்டு உள்ளோரின் நோயை அதிகரிக்கச் செய்கின்றது. வெளியிலிருந்து வரும் மாசினையும் மறுப்பதற்கில்லை. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசடைந்தமையால் நாடு முழுவதிலும் பாடசாலைகள் மூடப்பட்டமை பலருக்கும் நினைவிருக்கும்.

இவற்றுள் எம்மால் மாற்றக்கூடியவை அதிகம். விறகை நன்கு காயவைத்துப் பயன்படுத்தலாம். அடுப்புக்கு மேல் புகைபோக்கி அமைக்கலாம். இயலாதவர்கள் கூரைக்கும் சுவருக்கும் இடையே திறப்பு விடலாம். விறகைச் சிக்கனப்படுத்தும் அனகி அடுப்பு எமது நாட்டிலேயே உருவாகி மலிவாகக் கிடைப்பது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி அடுப்படியில் நிற்பதைத் தவிர்க்கலாம். நுளம்புச் சுருளுக்குப் பதில் நுளம்பு வலை கட்டலாம். வீட்டில் புகைப்பவர் முற்றத்தில் நின்று புகைப்பது போதாது, விட்டுவிடுவதே தீர்வாகும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடைசெய்துள்ளது. வீட்டுக்குள் அச்சட்டம் நுழைய முடியாது. அங்கு மனச்சாட்சிதான் அதிகாரி.

இருமுபவர் சுமக்கும் சுமை

நாட்பட்ட இருமல் உயிரைப் பறிக்காவிட்டாலும் வாழ்வைப் பறித்துவிடும். உறக்கம் கெடுகின்றது, அவருடையது மட்டுமன்றி, அருகே படுப்பவருடையதும் கெடுகின்றது. விலாத் தசைகள் நோகின்றன. எலும்பு தேய்ந்த முதியோருக்கு விலா எலும்பு வெடிப்பதும் உண்டு. தொடர்ந்து இருமி மயங்கி விழுவோர் உளர். சிறப்புச் சிகிச்சை நிலையங்களை நாடுவோருள் பெரும்பாலானோர் நடுத்தர வயதைக் கடந்த பெண்களே என்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. இருமும்போது சிறுநீர் கசிவது அவர்களுள் பலருக்கு உள்ள தொல்லையாகும். வெட்கத்தினால் அவர்கள் இதனைக் கணவரிடமும் கூறுவதில்லை, வைத்தியரிடமும் கூறுவதில்லை. திருமண வீடுகளுக்கும் நெடும் பயணங்களுக்கும் செல்வதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொள்கின்றனர். தொழுகையின்போதும் வுழூ நிலைக்குமோ என்ற கவலை முஸ்லிம் பெண்களை வாட்டுகின்றது. இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகளால் இதனைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்பதால், கிளினிக்கில் ஒளிவுமறைவின்றிக் கேட்பதே நன்று.

வகுப்பறையில் பேசியே பிழைக்கும் ஆசிரியர், ஓதிக் கொடுக்கும் மௌலவி, தேவாரம் பாடும் ஓதுவார், பேருந்து நடத்துனர் ஆகியோருக்கு இருமல் தொழிலையே பாதிக்கின்றது. 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உருவாக்கப்பட்ட, 19 கேள்விகளைக் கொண்ட இருமல் வினாக்கொத்து, நோயாளியின் துயரை உடல், உள்ளம், சமூக வாழ்வு என மூன்று கூறுகளாக அளவிடுகின்றது. இருமலை எண்ணிக்கையால் மாத்திரம் அளக்க முடியாது என்பதை மருத்துவ உலகு ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்றாகும்.

இதற்கு மேலாக எமது மக்களின் நினைவில் ஆறாத வடு ஒன்றும் உண்டு. கொவிட்-19 தொற்றுக் காலத்தில் இருமல் என்பது குற்றச்சாட்டைப் போல் ஆகிவிட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் விதி நடைமுறையில் இருந்தது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும் முஸ்லிம் மக்களுக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் எமது மாவட்டத்தின் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்படத் தொடங்கின. 2024 ஜூலையில் அரசாங்கம் இதற்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தையும் மேற்கொண்டது. அக்கால அச்சத்தை நாம் இங்கு நினைவுகூருவதற்குக் காரணம் உண்டு. நோயைச் சொன்னால் தீங்கு நேரும் என்று மக்கள் அஞ்சினால், நோய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த நோய் பரவும். இந்த உண்மை கொவிட்டுக்கு மட்டுமன்றிக் காசநோய்க்கும் பொருந்தும்.

இப்பாடத்திற்கு இன்னும் பழைய சாட்சியும் எமது வாவியிலேயே உண்டு. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைப்பதற்காக வைத்தியசாலை அமைக்கப்பட்ட மாந்தீவு, வாவியின் நடுவேதான் அமைந்துள்ளது. தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்துகள் வந்து பல தசாப்தங்கள் கழிந்துவிட்டன. ஆனால், ஒதுக்கும் மனப்பாங்கைக் குணப்படுத்த மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருமுபவரைக் கண்டு முகஞ்சுளித்து விலகும்போது, அவரைச் சுற்றி நாம் இன்னொரு மாந்தீவை எழுப்புகின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.

பாணியும் குளிசையும்

இருமல் வந்ததும் பார்மசிக்குச் சென்று ஒரு போத்தல் பாணியும் நான்கு அன்டிபயோட்டிக் குளிசையும் வாங்குவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. வைரசினால் வந்த இருமலுக்கு அன்டிபயோட்டிக் எவ்விதப் பயனும் தராது. சில வகை அன்டிபயோட்டிக்குகள் காசநோயைத் தற்காலிகமாக மறைத்து, கண்டறிவதைத் தாமதப்படுத்தவும் கூடும். பாணி மருந்துகளுள் சில தூக்கத்தைத் தருமேயன்றி நோயைத் தீர்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டு காம்பியாவில் நச்சு இரசாயனம் கலந்த பாணி மருந்துகளை அருந்திய 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். 2025ஆம் ஆண்டில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலும் இத்தகைய அவலம் நிகழ்ந்தது. சிறு குழந்தைகளுக்கு வைத்தியரின் ஆலோசனையின்றி இருமல் பாணி கொடுக்கலாகாது என்பதற்கு இவற்றைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

கொத்தமல்லிக் குடிநீர், இஞ்சி, ஆடாதோடை, தூதுவளை, கருஞ்சீரகம், தேன் ஆகியன எமது இரு சமூகத்தவரும் தலைமுறைகளாகக் கையாண்டு வருபவை. சளி இருமலுக்குத் தேன் ஓரளவு ஆறுதல் தருவதை ஆய்வுகளும் ஏற்கின்றன. ஆனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்தானது. பரியாரியாரின் மருந்தும் ஹக்கீமின் மருந்தும் தொண்டைக்கு இதமளிக்கலாம்; அவை சளிப் பரிசோதனைக்குப் பதிலீடாக மாட்டா. இரண்டு வாரத்தைத் தாண்டிய பின்னரும் கஷாயத்தையே நம்பியிருப்பது விவேகமன்று.

"பம்ப்" என மக்கள் அழைக்கும் உள்ளிழுக்கும் மருந்தைப் பற்றிய தப்பெண்ணங்களும் பல. அது இறுதிக் கட்ட மருந்தன்று, பழக்கத்திற்கு அடிமையாக்குவதுமன்று. குளிசையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேராக நோயுள்ள இடத்திற்கே செல்வதால், பக்க விளைவு குறைந்த வழி அதுவே. மூச்சை உடனே திறந்துவிடும் பம்ப் வேறு, நாள்தோறும் பாவித்து அழற்சியைத் தணிக்கும் பம்ப் வேறு. இரண்டாவது வகை பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும். பயன் தெரியவில்லை எனப் பலரும் கைவிடுவது அதனைத்தான். அழுத்தும் பம்பாயின் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போது மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, பத்து வினாடிகள் அடக்க வேண்டும். தூள் மருந்தாயின் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அழற்சியைத் தணிக்கும் மருந்தைப் பாவித்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்புதல் அவசியம். கிளினிக்கில் தாதியிடமோ மருந்தாளரிடமோ ஒருமுறை செய்து காட்டிச் சரிபார்த்துக்கொண்டால், பலருக்கு மருந்தை மாற்றாமலேயே நோய் கட்டுப்படும்.

காரணம் எதுவும் அகப்படாத இருமலுக்கும் வழி உண்டு. பேச்சுச் சிகிச்சையாளர் கற்பிக்கும் பயிற்சிகள் இருமலை அடக்க உதவுகின்றன. இருமல் வருவதாக உணர்ந்ததும் எச்சிலை விழுங்குதல், ஒரு மிடறு நீர் அருந்துதல், உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சு விடுதல் ஆகியன அவற்றுள் எளியவை. இருமலைத் தூண்டும் நரம்பு முனைகளைத் தணிக்கும் கெஃபாபிக்ஸன்ட் என்ற புதிய மருந்து 2022இல் ஜப்பானிலும் 2023இல் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது. எனினும், பாவித்தோருள் பலருக்கு அது நாவின் சுவையைக் கெடுத்தது. அமெரிக்காவோ அதற்கு அனுமதி வழங்க மறுத்துவிட்டது. ஆதலால், புதுமருந்துக்காகக் காத்திராமல் உள்ள வழிகளை முறையாகப் பயன்படுத்துவதே எமக்கு உகந்தது.

நோன்பு காலமும் யாத்திரையும்

ரமழான் மாதத்தில் நோயாளருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது என்பதை யாவரும் அறிவர். பம்ப் பாவிப்பதனால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே, முட்டு உள்ளோர் ரமழானுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே வைத்தியரிடமும், தாம் மதிக்கும் ஆலிமிடமும் ஆலோசனை பெறுதல் நன்று. நாளுக்கு இருமுறை பாவிக்கும் மருந்துகளை ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ளும் வகையில் ஒழுங்கு செய்ய முடியும். தாமாக மருந்தை நிறுத்திவிட்டு, நள்ளிரவில் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படுவதை மார்க்கமும் வேண்டவில்லை. இஃப்தாரில் எண்ணெய்ப் பண்டங்களை மிதமிஞ்சி உண்பதும், ஸஹர் உணவின் பின் உடனே படுப்பதும் அமில இருமலை வளர்க்கும்.

ஹஜ், உம்றாக் கடமைகளுக்குச் சென்று திரும்புவோரிடம் இருமல் தொற்றுவது உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம் போன்ற பெருங்கூட்டங்களுக்கும் அதே நியதிதான். இருமல் உள்ளவர் முகக்கவசம் அணிவதும், முழங்கையால் வாயை மூடி இருமுவதும், கண்ட இடத்தில் துப்பாதிருப்பதும் பிறருக்குச் செய்யும் உபகாரமாகும்.

வைத்தியரிடம் செல்லும்போது

கொக்கட்டிச்சோலையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ நகருக்கு வருபவருக்கு ஒரு நாட் கூலி போய்விடுகின்றது. அந்த ஒரு நாள் வீணாகாதிருக்கச் சிறிது ஆயத்தம் தேவை. இருமல் எப்போது தொடங்கியது, எந்நேரம் அதிகம், சளி உண்டா, அதன் நிறம் என்ன, எவை தூண்டுகின்றன, செய்யும் தொழில் யாது, சமைப்பது எந்த அடுப்பில் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லலாம். பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் பையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரே படங்களையும் கிளினிக் கொப்பியையும் மறத்தலாகாது. முந்திய மருந்து பயனளிக்காவிட்டால் அதனையும் மறைக்காது கூற வேண்டும்.

நோயாளியின் பொறுப்பு இத்துணை எனில், சமூகத்தின் பொறுப்பு அதனினும் பெரிது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் "இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோர் உளரா" என்ற ஒரு கேள்வியைத் தவறாது கேட்டால் மறைந்துள்ள நோயாளர் பலர் வெளிப்படுவர். பள்ளிவாசலின் ஜும்ஆ உரையிலும் கோயில் அறநெறி வகுப்பிலும் தேவாலயத் திருப்பலியிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவ்விடயம் பேசப்பட வேண்டும். அரிசி ஆலை, கல்வாடி உரிமையாளர்கள் தொழிலாளருக்கு முகக்கவசம் வழங்கித் தூசியைக் கட்டுப்படுத்த வேண்டும். வயலில் மூளும் வைக்கோற் புகை எந்த ஊர்ப் பெயரையும் கேட்டு வீசுவதில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும், தமிழருக்கும் முஸ்லிமுக்கும் அது ஒன்றேதான். அதனை நிறுத்தும் முயற்சியும் ஒன்றாகவே அமைதல் வேண்டும்.

இரவில் அடுத்த அறையிலிருந்து மாதக்கணக்கில் கேட்கும் இருமல் ஒலி எமது காதுக்குப் பழகிப்போயிருக்கலாம். இருமுபவருக்கு அது ஒருபோதும் பழகுவதில்லை. அவரை நாளைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.